கியர் பெட்டிக்கு ஒரு ஃபில்டர்

எனக்குக் காத்திருக்க வராது. பால் பொங்குவதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்துவிடுவேன். பஸ் வரும் என்று சொன்னால் நின்ற இடத்தில் நிற்காமல் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அதுவும் ஒரு காலை இழுத்துக்கொண்டு. அப்படிப்பட்டவளைப் பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு தாண்டி, ஒரு புளியமரத்தடியில் சிறைவைத்ததுபோல உட்கார வைத்தது ஒரு ஃபில்டர். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது. காரோ அசைய மாட்டேன் என்கிறது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் நிறுத்தி, "ஏனுங் அம்மணி, மாட்டப் பூட்டி இழுக்கட்டுங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அழுத்திவிட்டேன். பாவம், மாடுகள்தான் மிரண்டன.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி கிளப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோலக் கார் கிளம்பியது. பொள்ளாச்சிக்குள் நுழைவதற்கு முன்னால் மறுபடி நின்றது. மறுபடி அணைத்து, மறுபடி இறங்கி, மறுபடி நடை. அன்றைக்கு நான் போக வேண்டிய வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். என் மாமனார் பீளமேட்டுப் பக்கம் கிணற்றுப் பம்பு வார்க்கும் பவுண்டரி நடத்தினார். வால்பாறையில் எஸ்டேட் பார்த்துவந்த ஒரு துரை, தன் ஊருக்கே திரும்பிப் போக மூட்டை கட்டியபோது, தன் அமெரிக்கக் காரை விற்றுவிட்டுப் போனார். ஒரு சின்ன வீடு அளவுக்கு நீளம், வெண்ணெய் நிறம். மாமனார் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அதில் கிளட்ச் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. கியரை நாம் மாற்ற வேண்டியதில்லை, அதுவே மாற்றிக்கொள்ளும். வீட்டு டிரைவர் முதல்நாள் ஓட்டியபோது, பழக்கதோஷத்தில் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடிப்போய், தட்டு மாதிரி அகலமாயிருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின்சீட்டில் இருந்த அத்தையின், அதாவது என் மாமியாரின், வெற்றிலைப் பெட்டி முன்கண்ணாடியில் போய் மோதியது. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும், "இந்தப் பேயை என்னால ஓட்ட முடியாதுங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸைத் தோல்வாரால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். இடது காலால் ஒரு பெடலை மிதிக்க முடியாது. ஆகவே காரோட்டும் நினைப்பே எனக்கு வந்ததில்லை. ஆனால் இந்தக் காருக்கு இடது காலே வேண்டாமே! டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போன அன்றைக்கே, பவுண்டரி மைதானத்தில் என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வலது காலை மட்டும் வைத்து அதை ஒரு சுற்று ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் வந்து கூட்டிப்போகும்வரை உட்கார்ந்திருந்தே வளர்ந்தவள் நான். நினைத்த மாத்திரத்தில் கிளம்பலாம் என்பது எனக்கு எப்படி இருந்தது என்று, இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதன்பிறகு நான் வீட்டில் தங்கவில்லை. மருதமலை, பேரூர், பல்லடம், அவிநாசி என்று காரணம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் கிளம்பினேன். கொத்தமல்லித் தழை வாங்கக்கூடக் காரை எடுத்தேன். "உன்ற மருமவளுக்குக் கால்ல சக்கரம் மொளைச்சிருச்சு" என்று மாமனார் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

அப்படி ஓடிய கார் மெல்ல மெல்லத் தகராறு செய்ய ஆரம்பித்தது. மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, கியர் பெட்டியை அடியில் மூடியிருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்த்தோம். கியர் பெட்டிக்குள் சிவப்பாக ஒரு எண்ணெய் இருக்கிறது. அதை உள்ளேயிருக்கும் பம்பு உறிஞ்சி அனுப்பினால்தான் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும். அந்த எண்ணெயில் தூசி துரும்பு போகாமல் இருக்க ஒரு கம்பிவலை ஃபில்டர். துரையுடைய ஃபில்டரில் வலை ஒரு மூலையில் கிழிந்திருந்தது. புதிது வாங்க வேண்டும் என்றார் மெக்கானிக். வெளிநாட்டுக் கார்ச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது.

இங்கேதான் என் கணவர் உள்ளே நுழைந்தார். அவருக்குப் பவுண்டரிப் புழுதி ஒத்துக்கொள்ளாது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் வேலை பார்க்கிறவருக்குப் பஞ்சுத் தூசிதான் ஜென்ம விரோதி. எதையும் வடிகட்டு, இன்னும் வடிகட்டு என்பதுதான் அவருடைய வேதம். குடிக்கிற தண்ணீரை இரண்டு துணியில் வடிகட்டுவார். "கம்பிவலையே ஓட்டை, அதுக்குப் போயி எதுக்கு அலையறது" என்று சொல்லி, அவருடைய மில்லில் நெய்த நெருக்கமான துணி ஒன்றை எடுத்துவந்து, ஃபில்டரைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார். கட்டியது மில் முடிச்சு. அறுந்த நூலைச் சேர்க்க மில்லில் போடுகிற முடிச்சு அது. கடுகு மாதிரி இருக்கும், வாலே தெரியாது. என் பூட்ஸ் வார் பிய்ந்தால்கூட அப்படித்தான் முடிந்து கொடுப்பார். "இனி ஒரு தூசி உள்ள போகாது, அம்மணி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

தூசி போகவில்லை, வாஸ்தவம். எண்ணெயும் போகவில்லை. அதனால்தான் நான் புளியமரத்தைச் சுற்றி வந்தேன். ஓட ஓட அழுக்கெல்லாம் துணியில் அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும். எஞ்சினை அணைத்தால் அந்த அழுக்கு உதிர்ந்து கீழே விழும். மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். நின்றுபோவதற்கு முன்னால் கீழேயிருந்து 'உய்ய்' என்று ஒரு முனகல் கேட்கும். அது எனக்குத் தெரிந்த சத்தம். என் பிறந்தவீட்டுத் தோட்டத்தில், கோடையில் கிணறு வற்றி, உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு தண்ணீருக்கு மேலே தலை நீட்டி, மோட்டார் காற்றை உறிஞ்சும்போது இதே சத்தம்தான் வரும். அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து ஓடுவார்.

"உங்க துணிதானுங்க காரணம்" என்றேன்.

"துணி சுத்தமா இருக்குது. துணியால ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

அதற்குமேல் நான் பேசிய பேச்சை எழுத வேண்டாம். துணியைப் பிரித்து எறிந்தேன். ஆனால் கிழிந்த வலையோடு ஓட்டினால் கியர் பெட்டியே போய்விடும் என்று மெக்கானிக் பயமுறுத்திவிட்டார். கார் ஷெட்டுக்குள் போய்விட்டது. நானும் அறைக்குள் போய்விட்டேன், கூண்டுக்குள் கிளி மாதிரி. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அத்தை எதைச் சொன்னாலும் எரிந்து விழுந்தேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தால் வேறு பக்கமாகப் போனார்கள்.

மாமனாருக்கும் பொறுமை போயிற்று. பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரி ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்கு அழகாக இருக்கும் என்று அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரிப்பேர் பாத்து முடிஞ்சதும் குடுத்துப்போடலாம். ஒழுங்கா கியர் வெச்ச நம்மூர் வண்டி ஒண்ணு வாங்கிக்கலாம், கண்ணு" என்றார் மாமனார். நல்ல மனிதர். நம்மூர் வண்டியில் கிளட்ச் இருக்கும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வாயில் வந்தது, சொல்லவில்லை. என் காலைக் காட்டி எதையும் கேட்பதில்லை என்று சின்ன வயதிலேயே எனக்கு ஒரு வீம்பு. என் கணவர் என்னைப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மெக்கானிக் எழுதிப் போட்டிருந்த பம்பாய்க் கடையிலிருந்து பார்சல் வந்தது. ஒன்று கேட்டதற்கு இரண்டு ஃபில்டர் அனுப்பியிருந்தார்கள். இரண்டுமே இந்த வகைக் காருக்கு வருவதுதான், பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றுக்குக் கழுத்து நீளம், மற்றதற்குக் குட்டை. மாட்டிப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காக உட்கார்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்கத் துரையுடைய பழைய ஃபில்டரும் இல்லை; துணியை எறிந்த வேகத்தில் நான் எங்கே போட்டேனோ, அது பழைய இரும்போடு சேர்ந்து உலைக்குள் போயிருந்தது.

பவுண்டரியில் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். நீளக் கழுத்துத்தான் நல்லது, அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சும் என்றார் மெக்கானிக். மாமனாரும் தலையாட்டினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபுட்வால்வைக் கிணற்றின் தரையில் உட்கார வைத்தால் சேற்றைத்தானே அடைத்துக்கொள்ளும்? மேலே தூக்கினால் காற்று. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தட்டை மூடிவிட்டால் உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை எட்டிப் பார்க்க முடியாது. நான் நேராகச் சமையலறைக்குப் போய், பூரிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிக்கொண்டு வந்தேன். "ஐயோ, மாவ எங்க கொண்டுபோற?" என்று அத்தை கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

நீளக் கழுத்து ஃபில்டரின் வாயருகே மாவை ஒட்டித் தட்டை மாட்டி முடுக்கச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் மாவு அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. ஃபில்டர் தட்டின்மேல் வாயை வைத்துப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. உறிஞ்சுவதற்கு வழியே கிடையாது. குட்டைக் கழுத்தை மாட்டிப் பார்த்தோம். மாவு ஒரு விரல் கனத்துக்கு நின்றது. மாமனார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, நம்ம ஃபுட்வால்வு சமாச்சாரமேதான்! இத்தன வருசமா இதத்தான வார்த்துட்டிருக்கறேன்" என்று சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. கார் இனி ஓடும். ஓடினால் விற்றுவிடுவார்கள்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீளக் கழுத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இதை மாட்டினால் போதும், கார் நிற்கும், வியாபாரி ஓடிவிடுவார். எனக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இத்தனை பேர் முன்னால் மாவு வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே தப்பானதை மாட்டுவதா? என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குட்டைக் கழுத்தையே மாட்டினோம். எண்ணெய் ஊற்றிச் சூலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு நன்றாக அது என்றைக்கும் ஓடியதில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதேன்.

வியாபாரி வருவதற்கு முந்தின நாள், காரை எடுக்க வேண்டாம் என்று அத்தை என்னைப் பஸ்ஸிலேயே திருப்பூரில் ஒரு சீர் விசேஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் திரும்பினோம். சாப்பிடும்போது என் கணவரின் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. மில்லில் ஏதோ மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை குறைந்திருந்த சமயம்.

வியாபாரி காலை பஸ்ஸில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, கூப்பிய கை. ஆனைமலையில் அவருக்குத் தென்னந்தோப்பு, வால்பாறையிலும் போக்குவரத்து. மலையேறிக் காட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பின்சீட்டில் அவரும் மாமனாரும். முன்னால் என் பக்கத்தில் என் கணவர். ஒரு பெண்பிள்ளை ஓட்டுகிறாளே என்று வியாபாரி முதலில் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். கிணத்துக்கடவு தாண்டியதும் கையை எடுத்தார். பொள்ளாச்சி தாண்டியதும், "மெத்தையில படுத்திருக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். அவர் புகழப் புகழ எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நன்றாகவே ஓட்டினேன். மோசமாக ஓட்டத் தெரியவில்லை எனக்கு.

ஆழியாறு கடந்து மலைப்பாதையில் ஏறினோம். முதல் கொண்டைஊசி வளைவைத் திரும்பியாகிவிட்டது. இரண்டாவதில் ஏறும்போது கீழேயிருந்து அந்த முனகல் கேட்டது. உய்ய். எஞ்சின் கத்தியது. கார் நின்றது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கீழே குதித்து, பின்னாலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டார். அந்தக் கட்டையை அதற்கு முன் நான் அந்தக் காரில் பார்த்ததே இல்லை.

எனக்கு அவமானமாகப் போயிற்று. கார் போகக்கூடாது என்று ஏங்கியவள்தான், ஆனால் இப்படி நிற்கவேண்டும் என்றா நினைத்தேன்? மாவு வைத்துப் பார்த்த என் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதானா? வியாபாரி இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான வண்டிதானுங்க. ஆனா நமக்கு மேடு ஏறோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மாமனாரைக் கும்பிட்டுவிட்டு, வால்பாறையிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார். என் கணவர் மலையைப் பார்த்தபடி, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். வழியில் மாமனார் ஒரே வார்த்தைதான் பேசினார். "இது பொள்ளாச்சி பூரா தெரிஞ்சுபோயிரும். இனி இத எவனும் வாங்கமாட்டான். ஊட்டுலயே கெடக்கட்டும்."

அன்று சாப்பாட்டின்போது அத்தை பொருமிக்கொண்டே பரிமாறினார். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு எவனோ என்னமோ பண்ணிப்போட்டான். வெள்ளிக்கெழமை ஆனைமலைக்குப் போயி, மாசாணியம்மனுக்கு மொளகா அரச்சுப் பூசிட்டு வாரேன். பண்ணுனவனுக்கு ஒடம்பெல்லாம் எரியட்டும், தானா வெளிய வருவான்."

என் கணவருக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். அத்தை அவர் தலையில் தட்டினார். நான் அவரையே பார்த்தேன். கறுத்த நகக்கண், மரக்கட்டை, இப்போது இந்த இருமல்.

மறுநாள் அவர் மில்லுக்குக் கிளம்பிப்போனதும் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் நானே சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துத் தட்டைக் கழற்றினேன். சிவப்பெண்ணெய் முழங்கை வழியாக ஒழுகியது. குட்டைக் கழுத்து ஃபில்டர் நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி ஒரு துணி. நெருக்கமான மில் துணி. விரலால் தடவிப் பார்த்தேன். கடுகு மாதிரி ஒரு முடிச்சு, வாலே தெரியவில்லை.

அவர் வாயைத் திறக்கவில்லை என்று எவ்வளவு திட்டியிருப்பேன்! அவர்மேல் அன்று எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், எண்ணெய்க் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன்.

சாயந்திரம் அவர் வந்ததும் காபித் தம்ளருக்குப் பக்கத்தில் அந்தத் துணியை மடித்து வைத்தேன். பார்த்தார். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல கட்டுனது மூணு சுத்து. அது ரோட்டுலயே நின்னுருச்சு. இந்தத் தடவ ஒரே சுத்துதான். பழையபடி சமதரையில நின்னா, துணிதான்னு அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும்" என்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

"அத்தைய வெள்ளிக்கெழமை ஆனைமலைக்கு நானே கார்ல கூட்டிட்டுப் போறனுங்க. மொளகா எத்தன வேணும்னு கேட்டுச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"மொதல்ல வண்டிக்கு எண்ணெய ஊத்து, அம்மணி" என்றார், சிரிக்காமல்.

மறுநாள் காலை அவரை நான்தான் மில் வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே சங்கு ஊதியது. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் காரைத் திருப்பினேன். எங்கே போவது என்று முடிவுசெய்திருக்கவில்லை. அதற்காக அங்கே காத்துக்கொண்டிருக்க முடியுமா, கிளம்பிவிட்டேன்.